அருங்காட்சியக நிகழ்ச்சிக்குப் போகிறீர்களா? கிழமையை முதலில் பாருங்கள்

பள்ளிக்கு இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை என்பதால் அன்றைக்குத்தான் தோதுப்படும் என்று எண்ணி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஓலைச்சுவடிகளின் சிறப்புக் கண்காட்சி ஒரு வாரம் நடக்கிறது என்று நாளிதழில் நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. அதை நம்பி விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, ஒன்பதரைக்கு வாசலில் நின்றபோது கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளேயிருந்து வந்த காவலாளி, “ரெண்டாம் சனிக்கிழமை எங்களுக்கும் லீவுதான் டீச்சர்” என்றார். மதியத்துக்குக் கட்டி எடுத்துவந்த புளியோதரையைப் பிள்ளைகள் பத்து மணிக்கே வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் பிரித்துவிட்டார்கள். வேன் வாடகை போனது போனதுதான்.

அதற்குப் பிறகான இரண்டு ஆண்டுகளில் பள்ளிக் குழுவோடும் என் இரண்டு பிள்ளைகளோடும் தனியாகவும் பல அருங்காட்சியகங்களுக்குப் போயிருக்கிறேன். மூன்று பயிற்சிப் பட்டறைகளில் கலந்துகொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு கண்காட்சியோ பயிற்சியோ போட்டியோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது எப்போது, எங்கே, யாருக்கு என்ற செய்தி நம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை, நாம்தான் தேடிப் போக வேண்டும். முதன்முறை போகிறவர்கள் என்னைப் போல் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பாமல் இருப்பதற்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. அது எந்தத் துறையின் அருங்காட்சியகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். விடுமுறை நாள், கட்டணம், அனுமதிக் கடிதத்தை யாருக்கு எழுதுவது என்ற மூன்றும் இதைப் பொறுத்தே மாறுகின்றன.

சென்னை எழும்பூரில் 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும், இருபதுக்கும் மேற்பட்ட மாவட்ட அரசு அருங்காட்சியகங்களும் மாநில அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தவை. புதுக்கோட்டைக்கான அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்திலும், வேலூருடையது கோட்டைக்குள்ளும், திருச்சியுடையது மலைக்கோட்டை அருகே இராணி மங்கம்மாள் மண்டபத்திலும், மதுரையுடையது காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்திலும் இருக்கின்றன. மதுரையில் பலர் காந்தி நினைவு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகம் தனியாக இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் திரும்பினேன்.

கீழடி அருங்காட்சியகம் இந்தத் துறையைச் சேர்ந்ததன்று. 2023 மார்ச் 5-ஆம் நாள் திறக்கப்பட்ட அது மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் இயங்குகிறது; திருநெல்வேலியின் பொருநை அருங்காட்சியகமும் அத்துறையுடையதே. சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. தஞ்சை அரண்மனையில் உள்ள சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகத்துக்கும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் தட்சிணசித்ராவுக்கும் தனித்தனி நிர்வாகங்கள் உண்டு.

2. விடுமுறை நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

நம் ஊர் அருங்காட்சியகங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் வேலை நாள். விடுமுறை வாரத்தின் நடுவில் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையோடு இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. பள்ளி ஆசிரியர்கள் சுற்றுலாவுக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் நாளே இரண்டாம் சனிக்கிழமைதான் என்பதால், இந்த ஒன்றை மட்டுமாவது மறக்க வேண்டாம். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. கீழடிக்கும் தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய், சரஸ்வதி மகாலுக்குப் புதன். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய மூன்று தேசிய விடுமுறை நாள்களிலும் அரசு அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். “சுதந்திர தினத்தன்று குடும்பத்தோடு போவோம்” என்ற திட்டம் வாசலிலேயே முடிந்துவிடும்.

ஒரு வாரம் நடக்கும் கண்காட்சி என்று செய்தியில் போட்டிருந்தால், இடையில் வரும் விடுமுறை நாளிலும் அது திறந்திருக்கும் என்று பொருளாகாது. நான் ஏமாந்தது இங்கேதான். செய்தியில் தொடக்க நாளும் முடிவு நாளும் இருந்தன. நடுவில் விழுந்த விடுமுறை நாள் இல்லை.

எழும்பூரும் மாவட்ட அருங்காட்சியகங்களும் காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். கீழடி காலை 10 மணிக்குத்தான் திறக்கும். மாலையில் சீட்டு கொடுப்பதை மூடும் நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள் என்பதால், 4 மணிக்குப் பிறகு போய்ச் சேரும்படி பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

3. செய்தியைத் தேடிப் பிடியுங்கள்

மாவட்ட அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரைக் காப்பாட்சியர் என்று அழைப்பார்கள். நிகழ்ச்சிகளைத் திட்டமிடுவதும் நடத்துவதும் பெரும்பாலும் அவரே. ஆகவே, வேறு எங்கும் தேடுவதற்கு முன்னால் அருங்காட்சியக அலுவலக எண்ணுக்கு வேலை நாளில் காலை 10.30-க்கும் 12.30-க்கும் இடையில் பேசுங்கள். “ஏதாவது நிகழ்ச்சி இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் “வாங்க, மியூசியம் திறந்துதான் இருக்கு” என்ற பதிலே வரும். “இந்த மாதச் சிறப்புக் காட்சிப் பொருள் என்ன? அடுத்த பயிற்சி எந்தத் தேதியில்? பெயர் பதிவு எப்போது தொடங்கும்?” என்று மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேளுங்கள்.

மாதச் சிறப்புக் காட்சிப் பொருள் என்பதைப் புதியவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சேமிப்பறையில் இருக்கும் பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதத்துக்குத் தனி மேசையில் விளக்கக் குறிப்போடு வைக்கும் வழக்கம் பல மாவட்ட அருங்காட்சியகங்களில் உண்டு. ஒருமுறை இப்படித்தான், உள்ளங்கை அகலமே உள்ள ஒரு மரப் பூட்டை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நூறு பொருள்களை ஓட்டமாகப் பார்ப்பதைவிட இப்படி ஒன்றைப் பார்ப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் “இன்றைய நிகழ்ச்சிகள்” பகுதியில் செய்தி வருவது உண்டு, ஆனால் அது பெரும்பாலும் நிகழ்ச்சி நடக்கும் அன்று காலையில்தான் வரும். பெயர் பதிவு அதற்குள் முடிந்திருக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்திக் குறிப்புகளும் அருங்காட்சியகங்களின் முகநூல் பக்கங்களும் இதைவிட மேல். எல்லாவற்றையும் விட மேலானது, அருங்காட்சியக நுழைவாயிலில் சீட்டு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்பு. அடுத்த மாத நிகழ்ச்சியை நான் இரண்டு முறை அங்கேதான் கண்டுபிடித்தேன்.

எழும்பூருக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிறப்புக் கண்காட்சிகள் பெரும்பாலும் அங்குள்ள நூற்றாண்டுக் கண்காட்சிக் கூடத்தில் நடக்கும். அதே வளாகத்தில் உள்ள மியூசியம் தியேட்டரில் நாடகம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அரங்கை வாடகைக்கு எடுத்த வெளிக் குழுவினர். அதற்கான நுழைவுச்சீட்டை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். அருங்காட்சியகச் சீட்டைக் காட்டி நாடகத்துக்குள் நுழைய முடியாது.

4. எந்த மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம்

ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள். மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள். 1977 முதல் உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். ஏதேனும் கண்காட்சியோ ஓவியப் போட்டியோ சொற்பொழிவோ இருக்கும் என்று நம்பி இந்த மூன்று தருணங்களிலும் அலுவலகத்துக்குப் பேசலாம்.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் அறுவடைக் காலம். முழுஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு பல மாவட்ட அருங்காட்சியகங்களில் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன: களிமண் உருவம் செய்தல், ஓவியம், காகிதக் கைவினை, பழந்தமிழ் எழுத்துகள் என்று ஊருக்கு ஊர் மாறும். இதற்கான பெயர் பதிவு ஏப்ரல் கடைசி வாரத்திலேயே தொடங்கிவிடுவதால், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் ஏப்ரல் நடுவிலேயே அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். இடங்கள் மிகக் குறைவு. என் மகளுக்கு முதல் ஆண்டு இடம் கிடைக்கவில்லை. நான் கேட்கப் போன நாளில் பட்டியல் நிறைந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

நவம்பர் நிகழ்ச்சிகளில் மழை குறுக்கிடும். வடகிழக்குப் பருவமழையில் ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்துவிட்டால் மாணவர் போட்டிகள் தள்ளிப்போகும். முந்தைய நாள் மாலையில் ஒருமுறையும், அன்று காலை கிளம்பும் முன் ஒருமுறையும் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. பயிற்சிப் பட்டறைக்கான ஆவணங்கள்

கண்காட்சியைப் பார்ப்பதற்கு எந்தத் தாளும் வேண்டாம்; சீட்டு வாங்கினால் போதும். பயிற்சிக்கும் போட்டிக்கும்தான் ஆவணங்கள். எங்கே போனாலும் பின்வருவனவற்றை ஒரு கோப்பில் போட்டு வைத்திருப்பது நல்லது: ஆதார் அட்டை நகல் இரண்டு, பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, மாணவராக இருந்தால் நடப்புக் கல்வியாண்டின் அடையாள அட்டை, அது இல்லையென்றால் பள்ளியில் படிப்பதற்கான போனஃபைடு சான்றிதழ். வயதுப் பிரிவு உள்ள போட்டிகளில் பிறந்த தேதிக்குச் சான்று கேட்பார்கள். ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் அச்சான பழைய அட்டைகள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. அப்படியானால் பிறப்புச் சான்றிதழ் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பதிவு செய்யும்போது தலைப்பெழுத்தோடு, சான்றிதழில் எப்படி வர வேண்டுமோ அப்படியே எழுதிக் கொடுங்கள். தொலைபேசியில் சொன்னால் எழுதிக்கொள்கிறவர் காதில் விழுந்தது சான்றிதழில் வரும். என் தலைப்பெழுத்து “மு” ஒரு சான்றிதழில் “மூ” ஆகிவிட்டது. மாற்றிக் கேட்டு இரண்டு முறை போக வேண்டியிருந்தது, போக்குவரத்துச் செலவு பயிற்சிக் கட்டணத்தைவிட அதிகம். பயிற்சியின் எல்லா நாளும் வந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கே சான்றிதழ் தருவது வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்ன எடுத்துவர வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். ஓவியப் போட்டிகளில் பெரும்பாலும் வரைதாள் மட்டுமே தருவார்கள். வண்ணம், தூரிகை, கீழே வைத்து வரைய அட்டை எல்லாம் நம்முடையவை. கல்வெட்டுப் பயிற்சிக்குப் போனால் பழைய துணி உடுத்திச் செல்லுங்கள். மைப்படி எடுப்பது, அதாவது கல்வெட்டு எழுத்தை மையால் தாளில் பதித்து எடுப்பது, கைப்பழக்கம் வேண்டிய வேலை. கல்லைத் தேய்த்துக் கழுவி, அதன் மேல் தாளை விரித்து நனைத்து, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்ட வேண்டும். பிறகு மை தோய்த்த பஞ்சுப் பொதியால் ஒற்றி எடுக்க வேண்டும். மேட்டில் மை ஏறிக் கறுக்க, பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். முதல் தடவை நான் அவசரப்பட்டுத் தாள் காய்வதற்குள் ஒற்றியதால் மை பள்ளத்துக்குள்ளும் ஊறி, பாதி வரி கறுப்புத் திட்டாகிவிட்டது. கையில் ஏறிய மை போக நான்கு நாள் ஆயிற்று, சேலையில் ஏறியது இன்னும் இருக்கிறது.

6. பள்ளிக் குழுவை அழைத்துச் செல்கிறவர்களுக்கு

குறைந்தது பதினைந்து நாள் முன்பாகத் தொடங்குங்கள். பள்ளியின் முகவரித்தாளில் தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதம் ஒன்றைக் காப்பாட்சியருக்கு எழுதுங்கள். அதில் நாள், வரும் நேரம், வகுப்பு, ஆண் பெண் வாரியாக மாணவர் எண்ணிக்கை, உடன் வரும் ஆசிரியர்கள், தொடர்பு எண், எந்தக் கண்காட்சியை அல்லது நிகழ்ச்சியைப் பார்க்க வருகிறீர்கள் என்பது ஆகியவை இருக்க வேண்டும். கீழடிக்குப் போவதானால் கடிதம் தொல்லியல் துறைக்குப் போக வேண்டும். அருங்காட்சியகங்கள் துறைக்கு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்து பயனில்லை. கடிதத்தின் இரண்டாம் படியில் “பெறப்பட்டது” என்று முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல ஆள் வேண்டுமென்றால் அதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். முன்கூட்டிச் சொன்ன இடங்களில் காப்பாட்சியரே கூட வந்து ஒரு மணி நேரம் விளக்கியதுண்டு. சொல்லாமல் போன இடங்களில் பெயர்ப் பலகைகளை நாங்களே படித்துக்கொண்டோம்.

கல்வித் துறைப் பக்கத்து வேலை தனி. கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல், மாணவிகள் வருவதானால் உடன் ஆசிரியை ஒருவர் ஆகியவை இல்லாமல் கிளம்பாதீர்கள். இந்த அனுமதி வருவதற்குத்தான் நாள் பிடிக்கும். பதினைந்து நாள் என்று நான் சொன்னது பெரும்பாலும் இதற்காகவே.

திருச்சிக்குப் போகிறவர்கள் வேனை மண்டபத்தின் வாசல்வரை கொண்டுபோகலாம் என்று எண்ண வேண்டாம். மலைக்கோட்டைக் கடைவீதி நெரிசலில், அதுவும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டிச் செல்வதே வழி.

7. செலவுக் கணக்கு

நுழைவுக் கட்டணம் செலவே அன்று. நான் போனபோது எழும்பூரிலும் கீழடியிலும் பெரியவர்களுக்கு 15 ரூபாய், சிறுவர்களுக்கு 10 ரூபாய், மாணவர்களுக்கு 5 ரூபாய். மாவட்ட அருங்காட்சியகங்களில் பெரியவர்களுக்கே 5 ரூபாய். மாணவர் கட்டணத்துக்கு அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். கையைக் கடிப்பது கேமராக் கட்டணம்தான். கீழடியில் 30 ரூபாயாக இருந்த அது எழும்பூரில் 200 ரூபாய். எனவே படம் எடுக்கும் எண்ணம் இருந்தால், கைப்பேசிக்கும் அந்தக் கட்டணம் உண்டா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். உள்ளே போய்க் காவலரோடு வாதாடுவதில் பயனில்லை. சில்லறை கையில் இருக்கட்டும். இரண்டு முறை 500 ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு, பக்கத்துத் தேநீர்க் கடைக்குச் சில்லறை மாற்ற ஓடியிருக்கிறேன்.

வெளிநாட்டு உறவினர்கள் வந்தால் அவர்களுடைய கட்டணம் வேறு. எழும்பூரில் அது இந்தியர் கட்டணத்தைப்போல் பல மடங்கு. இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு செய்தி: இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் நினைவுச் சின்னங்களில் சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியர் கட்டணமே உண்டு. அதற்குக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். கைப்பேசியில் உள்ள படத்தை ஒத்துக்கொள்ளாமல் என் சித்தப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதே துறையின் இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. மாநில அரசு அருங்காட்சியகங்களில் இந்த இரண்டு சலுகைகளையும் எதிர்பார்க்காதீர்கள்.

தஞ்சை அரண்மனை வளாகத்தில் கலைக்கூடம், சரஸ்வதி மகால் அருங்காட்சியகம் என்று பல காட்சிக்கூடங்கள் வெவ்வேறு நிர்வாகங்களின் கீழ் இருக்கின்றன. வாசலில் வாங்கிய ஒரு சீட்டு எல்லாவற்றுக்கும் செல்லும் என்று எண்ணாமல், எந்தச் சீட்டுக்கு எந்தக் கூடம் என்று கேட்டு வாங்குங்கள். எழும்பூரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒரே சீட்டில் செப்புத் திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள், விலங்கியல் கூடம், சிறுவர் அருங்காட்சியகம் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

8. போகும் நாளன்று

எழும்பூருக்கு நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் வெயிலில் நடக்க வேண்டியிருப்பதால், சிறப்புக் கண்காட்சிக்காகப் போனவர்கள் அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. மற்றவை எங்கும் போய்விடாது. கீழடியில் ஆறு காட்சிக்கூடங்களும் ஒரு ஒளி-ஒலிக் காட்சியும் இருக்கின்றன. விடுமுறைக் காலங்களில் ஒளி-ஒலிக் காட்சிக்கு வரிசை நீளும் என்பதால் திறந்தவுடன் அதைப் பார்த்துவிட்டுக் கூடங்களுக்குச் செல்லுங்கள். மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் நகரப் பேருந்துகளுக்கு இடையே நீண்ட இடைவெளி உண்டு. திரும்பி வரும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாவட்ட அருங்காட்சியகங்களுக்குள் சிற்றுண்டிக் கடையை எதிர்பார்க்க முடியாது. குடிநீரும் உணவும் கொண்டு போங்கள், ஆனால் காட்சிக்கூடத்துக்குள் எடுத்துச் செல்லாதீர்கள். கழிப்பறை எங்கே, திறந்திருக்கிறதா என்று பிள்ளைகளை இறக்குவதற்கு முன்பே ஒருவர் போய்ப் பார்த்துவர வேண்டும்.

வெளியே வருவதற்கு முன் அலுவலகத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, நிகழ்ச்சிகளை அறிவிக்கும் வாட்ஸ்அப் குழு இருந்தால் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகள் அந்த ஓலைச்சுவடிகளைக் கடைசியில் பார்த்தது அப்படிக் கிடைத்த ஓர் அறிவிப்பால்தான்: ஏழு மாதம் கழித்து, வேறொரு மாவட்டத்தில், ஒரு புதன்கிழமை.